முதியவர் வாசிக்கும் இளைஞர் இசை

மெற்றல் இசை என்ற பெயரைக் கண்டதும், இப்பக்கத்தை வழமையாகப் படிக்கும் அன்பருட் சிலர் தாளைப் புரட்ட முற்படுவர் என்பதை நான் அறிவேன். அவர்களைச் சற்றே பொறுத்தருளுமாறு வேண்டுகின்றேன். நெடுங்காலம் தமிழாசிரியனாயிருந்து ஓய்வு பெற்றவன் நான். வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் கோயில் வீதியிலே விடிய விடியத் தவிலும் கேட்டு வளர்ந்த செவி என்னுடையது. அத்தகைய செவிக்கு மின்சாரக் கிற்றாரின் உறுமல் ஒருபோதும் உவப்பாகாது என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை முழுவதுங் கைவிட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆயின், அண்மையில் ஐந்து இறுவட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றைப் பலமுறையுமாகக் கேட்க நேர்ந்தது. அவை எனக்கு இசை பற்றிச் சொன்னவற்றினும் விமர்சனம் பற்றிச் சொன்னவையே மிகுதி.

நடந்தது இது. எங்கள் வாசகர் வட்டத்திலே முதிய கவிஞர் ஒருவரின் புதிய தொகுதி பற்றிய கூட்டம். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். எல்லோருடைய மதிப்புக்கும் உரியவர். பேசியோர் அனைவரும் புகழ்ந்தனர், நானும் புகழ்ந்தேன். இறுதியில், முன்னர் என்னிடம் படித்தவரும் இப்போது தாமே ஆசிரியராயிருப்பவருமான இளைஞர் எழுந்து, “சேர், நீங்கள் எல்லோரும் வயதுக்குப் புள்ளி போடுகிறீர்களா, கவிதைக்குப் போடுகிறீர்களா?” என்று கேட்டார். சபையிலே சலசலப்பு. தலைவர் அவசர அவசரமாக நன்றியுரைக்கு அழைத்து நிலைமையைச் சமாளித்தார்.

மறுநாள் மாலை அவ்விளைஞர் என் வீட்டு விறாந்தைக்கு வந்தார், கையிலே ஐந்து இறுவட்டுகளுடன். “நேற்றுக் கேட்டது மரியாதைக் குறைவென்றால் மன்னிக்க வேண்டும். ஆனால் கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. கவிதை என்றால் நமக்குப் பக்கச்சார்பு வந்துவிடும். இவற்றைக் கேளுங்கள், சேர். இவர்களை உங்களுக்குத் தெரியாது, பயமில்லாமல் புள்ளி போடலாம்” என்றார். ஐந்தில் நான்கு, அறுபதை அடுத்தவரும் எழுபது எண்பதைத் தொட்டவரும் வெளியிட்டவை. ஐந்தாவது மட்டும் இளைஞருடையது.

முதலிற் கேட்டது றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் ‘ஹக்னி டயமண்ட்ஸ்’. 2023 ஒக்ரோபர் 20 ஆந் திகதி வெளிவந்தது. 2005 இன் பின், இக்குழுவினர் தாமே இயற்றிய பாடல்களைக் கொண்டு வெளியிட்ட முதற்றொகுதி இதுவாம். இடையில் 18 ஆண்டுகள். பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது 80. கிற்றார் வாசிக்கும் கீத் றிச்சார்ட்ஸுக்கு 80 நிறைய இரண்டு மாதங்களே இருந்தன. தொகுதியின் பெயர் சுவையானது. ஹக்னி என்பது இலண்டன் மாநகரின் ஒரு பகுதி. கடைக் கண்ணாடியை உடைத்துப் பொருளை அள்ளிச் செல்லும் திருடர் போனபின், வீதியிலே சிதறிக் கிடந்து மின்னும் கண்ணாடித் துண்டுகளை ‘ஹக்னி வைரங்கள்’ என்று கேலியாகச் சொல்வதுண்டாம்.

கேட்கத் தொடங்கியவுடன் எனக்கு ஏற்பட்டது வியப்பு. எண்பது வயதுச் சாரீரமா இது? நடுக்கமில்லை, மூச்சிரைப்பில்லை, ஒவ்வொரு சொல்லும் எண்ணெய் தேய்த்து விட்டாற்போல மினுமினுக்கின்றது. நான்காம் பாடல் முடிவதற்குள் அவ்வியப்பே சலிப்பாயிற்று. வயதை மறைப்பதற்கு எடுத்துக்கொண்ட முயற்சி அவ்வளவு வெற்றி பெற்றுவிட்டது! தயாரிப்பாளர் அன்ட்ரூ வாற் 1990 இல் பிறந்தவர். இவரே ஒஸி ஒஸ்போர்னின் இறுதிக்காலத் தொகுதிகள் இரண்டையும், பேர்ள் ஜாம் குழுவினரின் 2024 ஆம் ஆண்டுத் தொகுதியையும் தயாரித்தவர். முதிய இசைக் கலைஞருக்கெல்லாம் காயகற்பம் கொடுக்கும் வைத்தியராகிவிட்டார் போலும். அவருடைய கைப்பக்குவத்தில் எல்லாம் பளிச்சென்று ஒலிக்கின்றன. எல்லாம் ஒரே உரத்தில் ஒலிக்கின்றன. தேர்ந்த சமையற்காரர் ஒருவர் எல்லாக் கறிக்கும் ஒரே தாளிதம் போட்டதுபோல.

குழுவின் ட்ரம் கலைஞர் சார்லி வாற்ஸ் 2021 ஓகஸ்ற் 24 இல், தமது 80 ஆவது வயதிற் காலமானார். அவர் முன்னரே பதிவுசெய்து வைத்த வாசிப்பு இத்தொகுதியின் இரு பாடல்களில் இடம்பெறுகின்றது. எஞ்சியவற்றுக்கு வாசிப்பவர் ஸ்ரீவ் ஜோர்டன். அவர் குறைந்தவரல்லர். எனினும் வாற்ஸ் வாசிக்கும் இரு பாடல்களிலும் தாளம் சற்றே சோம்பி, ஒரு மயிரிழை பிந்தி விழுவதைக் கேட்டபின், மற்றப் பாடல்களின் துல்லியம் எனக்கு அலுவலகக் கடிகாரத்தை நினைவூட்டியது.

ஆயினும் இத்தொகுதியை நான் தள்ளிவிட முடியாமைக்குக் காரணம் அதன் கடைசிப் பாடல். அது மடி வோற்றர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் 1950 இல் வெளியிட்ட புளூஸ் பாடல். குழுவின் பெயரே அப்பாடலிலிருந்து வந்தது. 1961 ஒக்ரோபரில் டார்ட்ஃபோர்ட் புகைவண்டி நிலையத்திலே, பால்யத்தில் ஒன்றாகப் படித்த இரு இளைஞர் தற்செயலாகச் சந்திக்கின்றனர். ஒருவர் கக்கத்தில் சக் பெரியினதும் மடி வோற்றர்ஸினதும் இசைத்தட்டுகள். அவற்றைக் கண்டே மற்றவர் பேச்சைத் தொடங்குகின்றார். அவ்விருவரே ஜாகரும் றிச்சார்ட்ஸும். அறுபதாண்டுகள் கழித்து, குழுவில் வேறெவருமின்றி, ஒரு கிற்றார், ஒரு குரல், வாயால் ஊதும் ஒரு ஹார்மோனிக்கா, இவ்வளவோடு அவ்விருவரும் அப்பாடலை வாசிக்கின்றனர். இங்கே மினுமினுப்பு இல்லை. தந்தியில் விரல் உராயும் ஒலி கேட்கின்றது. மூச்சுக் கேட்கின்றது. எண்பது வயதுக்காரர் இருவர் ஓர் அறையில் இருக்கின்றனர் என்பது கேட்கின்றது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இப்பாடலுக்காக மற்றப் பதினொன்றையும் மன்னித்தேன். பதினொன்றையும் மறுபடி கேட்பேனோ என்றால் அது வேறு கதை.

இரண்டாவது மெற்றாலிக்கா குழுவினரின் ‘செவன்ரி ரூ சீசன்ஸ்’. 2023 ஏப்பிறில் 14 இல் வெளிவந்தது. எழுபத்திரண்டு பருவங்கள் என்பது பொருள். மனிதன் பிறந்து 18 வயது நிறையும்வரை கடந்துவரும் பருவங்கள் அவை. ஆண்டுக்கு நான்காகக் கொண்டால் 72. (பெரும்பொழுது ஆறெனக் கொண்ட நம் முன்னோர் கணக்கில் 108 ஆகியிருக்கும், நல்லவேளை, பாடல்கள் இன்னும் நீளாமற் போயின.) பாடகர் ஜேம்ஸ் ஹெற்ஃபீல்ட், 60 வயதை எட்டும் தறுவாயிலே, தம் இளமையில் உண்டான காயங்களைத் திரும்பிப் பார்க்கின்றார். அவர் சிறுவனாயிருக்கையில் தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றார். 16 வயதில் தாயும் இறந்தார். 2019 இல் மதுப்பழக்கம் காரணமாக அவர் மீண்டும் சிகிச்சைக்குச் சென்றமையும் எல்லோரும் அறிந்ததே. இவ்வளவு கனமான பொருள் கையிலிருந்தும், 77 நிமிடங்களுக்கு அதே வேகம், அதே உறுமல், அதே முழக்கம்! செப்பனிடுவார் இல்லாத கையெழுத்துப் பிரதிபோல இருக்கின்றது. கிற்றாரிலே திரும்பத் திரும்ப வரும் சிறு வாக்கியத்தை ‘றிஃப்’ என்பர். நல்ல றிஃப் ஒவ்வொரு பாடலிலும் உண்டு. ஆனால் நாலு முறை சொல்லவேண்டியதைப் பன்னிரண்டு முறை சொல்கின்றனர். கட்டுரைப் பாடத்திலே இத்தகைய தவற்றைச் சிவப்பு மையினால் வெட்டிய கை என்னுடையது, இங்கும் அரித்தது.

இதிலும் கடைசிப் பாடலே என்னை நிறுத்தியது. ‘இனமொறாற்றா’ என்ற அப்பாடல் 11 நிமிடத்துக்கு மேற்பட்டது. இக்குழுவினர் இயற்றியவற்றுள் மிக நீண்டது. துன்பத்தையே காதலியாக அழைத்துப் பாடும் பாடல். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, பேஸ் கிற்றார் மட்டும் நடைபோடும் ஓரிடம் வருகின்றது. தன் துயரத்தோடு இவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியவனால்தான் அவ்விடத்தை எழுத முடியும். இருபது வயதில் இவர்கள் வாசித்த வேகம் பெரிது. ஆயின் அந்த மெதுநடை அன்று இவர்களிடம் இருந்ததில்லை.

மூன்றாவது இறுவட்டுக்கு வருமுன் பேர்மிங்ஹாம் நகரத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இங்கிலாந்தின் இரும்புத் தொழிலுக்கும் இயந்திரத் தொழிலுக்கும் பேர்போன நகரம் அது. 1960 களின் நடுப்பகுதியில், அங்கே உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் ரோனி அயோமி என்ற 17 வயது இளைஞர் வேலைபார்த்தார். இசைக்குழுவிற் சேர்வதற்காக வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் கொய்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆதலின் தந்தியை அழுத்துங் கை அவருக்கு வலக்கையே. எல்லாம் முடிந்தது என்றிருந்தவருக்குத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கேட்கக் கொடுத்தார். தீவிபத்தினால் இரு விரல்கள் செயலிழந்தும் உலகப்புகழ் பெற்ற ஜாங்கோ றைன்ஹார்ட்டின் தட்டு அது. அயோமி பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அதன்மீது தோலை ஒட்டினார். கிற்றாருக்கு மெல்லிய தந்திகளைப் பூட்டினார். நாளடைவில், அழுத்துவது எளிதாகும் வண்ணம் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1971 இல் வந்த மூன்றாம் தொகுதியிலே பல பாடல்களின் சுருதி வழமையிலும் 3 அரைச்சுரம் தாழ்ந்தது. இவருடைய குழுவே பிளாக் சபத். 1970 பெப்ரவரி 13 இல் வெளிவந்த அவர்களுடைய முதற்றொகுதியிலிருந்தே மெற்றல் இசை தொடங்குகின்றது என்பர். அவ்விசையின் அடையாளமான ஆழ்ந்த, கனத்த உறுமல் பெரும் பங்கும் ஒரு காயப்பட்ட கையின் வசதிக்காகப் பிறந்தது.

இவ்வரலாற்றை மாணவர் சொல்லக் கேட்டபோது என் எண்ணம் ஒன்று தலைகீழாயிற்று. மெற்றல் வலிமையின் இசை, ஆகவே இளைஞரின் இசை, வலிமை போனால் விட்டுவிட வேண்டியதுதான் என்று நான் கருதியிருந்தேன். இல்லை, வலிமை போன இடத்திலேதான் அது தொடங்கியிருக்கின்றது!

‘இன்வின்சிபிள் ஷீல்ட்’ என்ற மூன்றாவது தொகுதி அதே பகுதியைச் சேர்ந்த யூடாஸ் பிறீஸ்ற் குழுவினருடையது. 2024 மார்ச் 8 இல் வெளிவந்தது. அவர்களுடைய முதற்றொகுதி 1974 இல் வந்தது. ஆகவே சரியாக 50 ஆண்டுகள். பாடகர் றொப் ஹல்போர்ட் 1951 இல் பிறந்தவர். பேர்மிங்ஹாமை அடுத்த வோல்சாலிலே, இரும்புருக்கும் ஆலைகளின் புகைக்கிடையில் வளர்ந்தவர். கிற்றார் கலைஞர் கிளென் ரிப்டன் 1947 இல் பிறந்தவர். தமக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம், இருப்பதையும், முழுநேர மேடைப் பயணத்திலிருந்து விலகுவதையும் 2018 இல் அறிவித்தார். ஆயினும் புதிய தொகுதியின் பாடல்களை இயற்றியோர் பட்டியலில் ஹல்போர்ட், ரிச்சி போக்னர் ஆகியோரோடு அவருடைய பெயரும் நிற்கின்றது. போக்னர் 1980 இல் பிறந்தவர், குழுவில் இளையவர். விதி அவரையும் விட்டபாடில்லை. 2021 செப்ரெம்பரிலே அமெரிக்காவின் லூயிவில் நகரத்து மேடையில், ‘பெயின்கில்லர்’ என்ற மிகத் துரிதமான பாடலை வாசித்துக்கொண்டிருக்கையில், அவருடைய இதயத்துப் பெருநாடி கிழிந்தது. அவரோ பாடலை முடித்துவிட்டே மேடையை விட்டிறங்கினார். பல மணிநேர அறுவைச் சிகிச்சையின் பின் உயிர் பிழைத்தார்.

ஒருவர் கை நடுங்குகின்றது; ஒருவர் நெஞ்சு தைக்கப்பட்டிருக்கின்றது; பாடுபவருக்கு 72 வயது. தொகுதியின் பெயரோ வெல்லற்கரிய கேடயம்! இதைக் கேட்டு நான் முதலிற் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. பின்னர் தட்டைப் போட்டேன்.

ஒழுங்கு என்ற சொல்லே முதலில் மனத்தில் எழுந்தது. பாடல்கள் 11. ஒவ்வொன்றும் எங்கே தொடங்கவேண்டும், எங்கே ஏறவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதை அறிந்து செல்கின்றன. நீட்டல் இல்லை, மெற்றாலிக்கா மறந்த சிக்கனம் இங்கே இருக்கின்றது. ஹல்போர்ட் 1990 இல் ‘பெயின்கில்லர்’ பாடியபோது எட்டிய உச்சத்தைத் தொடர்ச்சியாக இப்போது பிடித்து நிற்பதில்லை. நடுத்தாயியில் நின்று சொல்லைத் தெளிவாகச் சொல்கின்றார். உச்சத்தைச் சேமித்து வைத்து, வேண்டிய ஓரிடத்தில் மட்டும் எறிகின்றார். நம் வித்துவான்களிலும் இதைக் கண்டிருக்கிறோமல்லவா? சாரீரம் ஒடுங்கியபின், ஒரு பிருகாவை எங்கே வைத்தால் சபை நிமிரும் என்பதை அறிந்து அங்கே மட்டும் வைக்கும் முதிய பாடகரை? அதுவே இது. ‘கிறவுண் ஒஃப் ஹோர்ன்ஸ்’ என்ற பாடலில் அவர் வேகத்தைத் தணித்து, ஏறக்குறைய உரையாடுவதுபோற் பாடுகின்றார். தொகுதியின் சிறந்த நிமிடங்கள் அவையெனக்கு.

குறையும் உண்டு. பாட்டின் சொற்கள் மிகவும் தேய்ந்தவை. பாம்பு, அரசன், நரகத்து வாயில், பிசாசு, இடி: ஐம்பது ஆண்டுகளாக ஒரே பெட்டிக்குள் இருந்து எடுத்து அணியும் நாடக உடுப்புகள். பாடல்கள் இசையாற் சொல்லும் துணிவைச் சொற்களாற் சொல்லமாட்டா. இக்கவியை எந்த மாணவன் எழுதிக்கொண்டு வந்தாலும் திருப்பியே அனுப்பியிருப்பேன். ஆனால் இறுதியில் வரும் ‘ஜயன்ற்ஸ் இன் த ஸ்கை’ காலஞ்சென்ற தோழரை நினைத்துப் பாடப்படுவது. அங்கே உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இறந்தோரைப் பற்றிப் பேசுகையில் எளிய சொற்களே வருகின்றன. எளிய சொற்களே போதுமாகின்றன.

இப்பாடலைக் கேட்கும்போது ஒஸி ஒஸ்போர்னை நினையாதிருத்தல் எனக்கு இயலவில்லை. பிளாக் சபத்தின் பாடகரான அவருக்கும் நடுக்குவாதம். 2025 யூலை 5 ஆந் திகதி, தாம் வளர்ந்த பேர்மிங்ஹாமின் ஆஸ்ரன் பகுதியிலுள்ள வில்லா பார்க் உதைபந்தாட்ட அரங்கிலே, சிம்மாசனம் போன்றதோர் ஆசனத்தில் அமர்ந்தபடியே தமது கடைசிக் கச்சேரியைப் பாடினார். அயோமியும் மற்றத் தோழரும் அருகில் நின்று வாசித்தனர். 17 நாள்கள் கழித்து, யூலை 22 இல், 76 ஆவது வயதில் ஒஸி காலமானார்.

நான்காவது, இளைஞருடைய தட்டு. இதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. எனக்கு முழுவதும் பிடிபடவில்லை என்பதே உண்மை. அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழுவான ‘பிளட் இன்கன்ரேஷன்’ 2024 ஒக்ரோபர் 4 இல் வெளியிட்ட ‘அப்சலூற் எல்ஸ்வெயர்’. இரண்டே நெடும்பாடல்கள், ஒவ்வொன்றும் மும்மூன்று பகுதி. குரல் அடித்தொண்டையிலிருந்து எழும் கர்ச்சனை. ஒரு சொல்லும் விளங்காது. ஆயின் வேடிக்கை என்னவெனில், இவ்விளைஞர் பதிவுக்காகப் பேர்லின் நகரத்து ஹன்சா ஒலிப்பதிவு நிலையத்தைத் தேடிச் சென்றிருக்கின்றனர். 1967 இல் அந்நகரிலே தொடங்கப்பட்ட ரான்ஜரின் ட்றீம் என்ற மின்னிசைக் குழுவின் இன்றைய கலைஞர் ஒருவரையும் உடன் சேர்த்திருக்கின்றனர். கர்ச்சனைக்கு நடுவே திடீரென எல்லாம் அமைதியாகி, 1970 களின் நீண்ட, மிதக்கும், அவசரமற்ற இசை வருகின்றது. முதியவர் இளமையாக ஒலிக்கப் பாடுபடுகின்றனர். இளைஞரோ தாத்தாவின் சாய்மனைக் கதிரையில் ஏறி அமர விரும்புகின்றனர்! மாணவருக்கு இந்தத் தட்டே உயிர். நான் இன்னும் இரண்டு முறை கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

கடைசியாகக் கேட்டது கியூர் குழுவினரின் ‘சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ற் வேர்ல்ட்’. இழந்துபோன உலகின் பாடல்கள். 2024 நவம்பர் 1 இல் வெளிவந்தது. இதற்கு முந்தியது 2008 இல் வந்தது. இது மெற்றல் அன்று. றொக் இசையின் இருள்நிறக் கிளையொன்று. பாடல்களை எழுதிப் பாடுபவர் றொபேர்ட் ஸ்மித். 1959 இல் பிறந்த இவர், தமக்கு முப்பது வயதாகப் போகின்றதே என்ற கலக்கத்திலே 1989 இல் ‘டிஸின்ரிகிறேஷன்’ என்ற புகழ்பெற்ற தொகுதியை உருவாக்கியவர். முப்பதில் முதுமைக்கு அழுதவர்! அந்த அழுகையில் அழகிருந்தது. ஆயின் அது ஒத்திகை. பின்னர் தாயும் தந்தையும் தமையனும் இறந்தனர். 65 வயதில் இவர் பாடுவது ஒத்திகையன்று.

பாடல்கள் எட்டே. முதற்பாடலிலே மூன்று நிமிடத்துக்கும் மேலாகக் குரலே வருவதில்லை. ட்ரம் மெதுவாக, மிக மெதுவாக அடியெடுத்து வைக்கின்றது; அதன் மீது வாத்தியங்கள் மழை மேகம் போலக் கவிகின்றன. முதன்முறை கேட்டபோது இயந்திரம் பழுதோ என்று எழுந்து பார்த்தேன். ஆலாபனையைப் பொறுமையாகக் கேட்கப் பழகிய நமக்கே இப்படியென்றால், கைத்தொலைபேசியிற் பாட்டுக் கேட்போர் எத்தனை பேர் அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டுவர்? ஆனால் தாண்டியவனுக்குக் குரல் வரும்போது கிடைப்பது வேறு. காத்திருந்த குரல் அது. அதிசயமென்னவெனில் ஸ்மித்தின் சாரீரம் நாற்பதாண்டுகளில் மாறவேயில்லை. அதே மெலிந்த, விம்மும் இளைஞன் குரல். மாறியது குரலைச் சுற்றியுள்ள வெளி. ஸ்ரோன்ஸ் தட்டிலே மூச்சுவிட இடமில்லாமல் நிரப்பியிருந்தார்கள். இங்கே ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் வெறுமை இருக்கின்றது. முதுமையை இவர் குரலில் வைக்கவில்லை, காலப்பிரமாணத்தில் வைத்திருக்கின்றார்.

தமையனின் மரணத்தைப் பற்றிய பாடல் இத்தொகுதியின் உயிர்நாடி. சில சுரங்களே மீண்டும் மீண்டும் வரும் எளிய பியானோ வாசிப்பு; பிள்ளைகள் பயிலும் பாடம் போன்றது. அதற்குமேல் எதையுங் கட்டாமல் விட்டிருக்கின்றார். மரணவீட்டிலே அலங்காரமாகப் பேசுவோரை நாம் அறிவோம். ஒன்றும் பேசாமல் கதிரைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருவரையும் அறிவோம். இப்பாடல் இரண்டாமவரைப் போன்றது. இறுதிப்பாடல் 10 நிமிடத்துக்கு மேற்பட்டது. 2019 இல், மனிதன் நிலவில் இறங்கி ஐம்பதாண்டு நிறைந்த இரவில், தோட்டத்தில் நின்று நிலவை நோக்கிய நினைவிலிருந்து பிறந்தது என்று ஸ்மித் கூறியிருக்கின்றார். 1969 இல் அவர் பத்து வயதுச் சிறுவன். தந்தையோடு நின்று அதே நிலவைப் பார்த்தவர். இத்தொகுதிக்கும் குறை சொல்லவேண்டுமென்றால், நடுவில் வரும் இரண்டு உரத்த பாடல்கள் மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பேன். கோபம் இவருக்கு இயல்பாக வருவதில்லை.

ஒரு வாரங் கழித்து மாணவர் வந்தார். புள்ளி கேட்டார். ஸ்ரோன்ஸுக்கு ஐம்பது, அதில் இருபது கடைசிப் பாடலுக்கு மட்டும் என்றேன். மெற்றாலிக்காவை முக்கால்வாசி வெட்டிக்கொண்டு மீண்டும் எழுதி வரும்படி திருப்பி அனுப்பினேன். யூடாஸ் பிறீஸ்றுக்கு எழுபது. அவர் முகஞ் சுளித்து, எண்பதாவது கொடுக்கவேண்டும் என்று வாதாடினார். “ரிப்டனின் கைக்காக ஒரு பத்து” என்றார். “இப்போது வயதுக்கும் நோய்க்கும் புள்ளி கேட்பது யார்?” என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு சற்றுநேரம் மௌனமாயிருந்து, “கைக்காக இல்லை, சேர். அந்தக் கைக்கு ஏற்றபடி பாட்டை மாற்றிக் கட்டியிருக்கிறார்களே, அதற்கு” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. எழுபத்தைந்தாக்கினேன். கியூருக்குப் புள்ளி போடவில்லை. அந்த இறுவட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

போகும்போது வாசலில் நின்று, அந்த முதிய கவிஞரின் தொகுதிக்கு எத்தனை என்று கேட்டார். நான் பேச்சை வேறு திசைக்குத் திருப்பினேன். அன்று சபையிலே பத்து நிமிடம் புகழ்ந்து பேசிய நான், அத்தொகுதியில் முன்னுரையையும் முதல் ஆறு கவிதைகளையும் மட்டுமே படித்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவர் சென்றபின் புத்தகத்தைத் தேடியெடுத்தேன். அதில் மொத்தம் ஐம்பத்திரண்டு கவிதைகள். இதை எழுதும் இன்று முப்பத்தொன்றாவதில் நிற்கின்றேன். இருபத்து நான்காவது மிக நன்றாயிருக்கின்றது. அதற்கு முந்திய பத்தும் அப்படியில்லை.